மெலாஹத்தின் காலடியில் இருபத்து மூன்று நோட்டுகள்

மெலாஹத்துக்குச் சின்ன வயதிலிருந்தே கால் சில்லிட்டுப் போகும். கடலோர நகரமான இஸ்மிரில் குளிர் என்பது வருஷத்துக்கு மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதமும் ஊரை விட்டுவிட்டுத் தன் பாதத்தில்தான் வந்து குடியிருக்கிறது என்று சொல்லுவாள். அவள் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த கோர்ஃபெஸ் பல்கலைக்கழகக் கணினி மையத்திலோ தரை முழுக்க ஓடு. ஜனவரியில் அதில் மீனைப் போட்டு வைத்தால் ஒரு வாரம் கெடாது.

1988-இல் பழைய பெரிய மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு மையத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். அப்போது ஓர் அட்டைப் பெட்டி நிறையப் பச்சை அட்டை போட்ட கெட்டி நோட்டுகளை இரண்டு ஆட்கள் குப்பை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மெலாஹத் அவர்களை நிறுத்தினாள். பெட்டியின் உயரத்தைக் கண்ணால் அளந்தாள். தன் மேசைக்கு அடியில் தள்ளச் சொல்லி, அதன்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

அவ்வளவுதான் நடந்தது. பின்னாளில் வானொலியிலிருந்து ஒரு பெண் வந்து, "இந்த வரலாற்றுப் பொக்கிஷத்தைக் காப்பாத்தணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டபோதும் மெலாஹத் பொய் சொல்லவில்லை. "கால் சில்லிட்டுச்சு" என்றாள். அதை அவர்கள் ஒலிபரப்பவில்லை.

மையம் அதற்குப் பிறகும் இரண்டு தடவை இடம் மாறியது. பெட்டியும் கூடவே மாறியது. 2009-இல் ஓய்வு பெற்றபோது, தன் இடத்துக்கு வந்த செராப் என்ற பெண்ணிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, "அந்தப் பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுடாதே, மார்கழி மாசம் அழுவே" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பத்து வருஷம் கழித்து, வசந்த காலத்தில் ஒருநாள் ஃபோன் வந்தது. கணினித் துறையின் புதுத் தலைவர் பெர்கந்த் பேசினார். நாற்பது வயசுக்காரர், சுறுசுறுப்பு, வாரத்துக்கு ஒரு திட்டம் போடுகிறவர். அக்டோபரில் துறைக்கு ஐம்பது வயது ஆகிறது, வரலாறு வேண்டும் என்று துணைவேந்தர் கேட்டிருக்கிறார். தேடிப் பார்த்ததில் கிடைத்தது மொத்தம் நாலு பக்கம். அதிலும் இரண்டு பக்கம் தலைவர்களின் பெயர்ப் பட்டியல். புகைப்படங்கள் எல்லாம் நிலவறையில் குழாய் வெடித்ததில் கூழாகிவிட்டன.

"மெலாஹத் அக்கா, உங்ககிட்ட பழைய காகிதம் ஏதாவது இருக்கா?"

"என்கிட்ட கல்யாணப் பத்திரம்தான் இருக்கு. என் பழைய மேசைக்கு அடியில பார்த்தீங்களா?"

"அங்க ஒரு பெட்டி இருக்கு. செராப் அதுமேல கால் வச்சுக்கிறாங்க."

"அதேதான். காலை எடுக்கச் சொல்லுங்க."

பெட்டியில் இருந்தது 1969 முதல் 1988 வரைக்குமான பழுதுப் பதிவேடு. இருபத்து மூன்று நோட்டுகள். மையத்தை ஆரம்பித்த பேராசிரியர் முஹித்தின் கொண்டுவந்த வழக்கம் அது. மெஷின் எப்போது நின்றாலும் நாலு கட்டத்தையும் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்: நேரம், நடந்தது, காரணம், செய்தது. அதில் காரணக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. 'தெரியவில்லை' என்றும் எழுதக் கூடாது. "மெஷினுக்குக் காரணம் இல்லாம நிக்கத் தெரியாது. உங்களுக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியலை" என்பார் முஹித்தின்.

பெர்கந்தும் செராப்பும் மெலாஹத்தும் அந்த நோட்டுகளை ஒரு நீள மேசையில் பரப்பிப் படிக்க உட்கார்ந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டார்கள்.

'4 மார்ச் 1971, 10.20. மெஷின் நின்றது. காரணம்: கரன்ட் போயிற்று. செய்தது: டீ குடித்தோம்.'

'17 செப்டம்பர் 1974. அட்டை படிக்கும் கருவி அட்டைகளை மெல்லுகிறது. காரணம்: விவசாயப் பேராசிரியர் ரவுஃப் தன் துளையட்டைகளைத் திராட்சை வைத்த பையிலேயே போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். செய்தது: அட்டைகளைக் கழுவிக் கயிற்றில் காயப்போட்டோம்.'

'9 நவம்பர் 1978. அச்சு நாடா தீர்ந்தது. காரணம்: நாட்டிலேயே இல்லை. செய்தது: முத்திரை மசியை ஊற்றிப் பழையதையே ஓட்டினோம். சம்பளப் பட்டியல் ஊதா நிறத்தில் வந்தது.'

'11 ஜனவரி 1979. காபி கிடைத்துப் பத்து நாள் ஆகிறது. மெஷின் நன்றாக இருக்கிறது. நாங்கள் இல்லை.'

பெர்கந்துக்குத் தலைகால் புரியவில்லை. எல்லா நோட்டையும் ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் போட்டுவிடலாம் என்றார். அதற்குச் சட்டப் பிரிவிலிருந்து நில்குன் என்ற அதிகாரி வந்தாள். மெலிந்த உருவம், மெல்லிய குரல், முடிவு மட்டும் கல்.

"இதுல ஆளுங்க பேர் இருக்கு. யார் தூங்கினாங்க, யார் தப்புப் பண்ணினாங்கன்னு எல்லாம் இருக்கு. உயிரோட இருக்கிறவங்க கையெழுத்துப் போட்டுச் சம்மதம் தரணும். இல்லாதவங்களுக்குப் பிள்ளைங்க தரணும்."

"மொத்தம் எத்தனை பேர்?" என்று பெர்கந்த் கேட்டார்.

நில்குன் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தாள். "அறுபத்தொண்ணு."

எல்லோரும் மெலாஹத்தைப் பார்த்தார்கள். அந்த அறுபத்தொரு பேரில் முக்கால்வாசிப் பேரின் கல்யாணத்தில் சாப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

மெலாஹத்தின் புருஷன் ஷெம்ஸி இஸ்மிர் வளைகுடாவில் ஓடும் பயணிகள் படகுகளின் இன்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சம்மதம் வாங்குற லிஸ்டா, துக்கம் விசாரிக்கிற லிஸ்டா?" என்றார். ஆனால் மெலாஹத்துக்குச் சந்தோஷம்தான். அறுபத்தைந்து வயதானவர்களுக்கு நகரப் பேருந்தும் படகும் இலவசம். அந்த அட்டையை வாங்கி ஒரு வருஷமாகியும் காய்கறிச் சந்தையைத் தவிர எங்கும் போக வேலை இல்லாமல் இருந்தது. இப்போது தினமும் காலையில் கையில் கோப்பும் பையில் ஒரு கெவ்ரெக் ரொட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

முதலில் போனது வெஜிஹி வீட்டுக்கு. கார்ஷியாகாவில் மீன் கடைக்கு மேல்மாடி. மெஷினை ஓட்டியவர்களில் மூத்தவர் அவர். அவர் பெயர் வந்த வரிகளை எல்லாம் மெலாஹத் வாசித்துக்கொண்டே வந்தாள். ஒரு வரியில் வெஜிஹி கையை உயர்த்தினார்.

"அதை எடுத்துடு."

"எடுக்க முடியாதுங்க. ஒண்ணு எல்லாம் இருக்கணும், இல்லேன்னா உங்க பேரை மை பூசி மறைச்சிடுவாங்க."

"என்ன வரி அது?" என்று சமையலறையிலிருந்து அவர் மனைவி கேட்டாள்.

மெலாஹத் வாசித்தாள். "'வெஜிஹி காகிதப் பெட்டிகளின்மேல் மூணு மணி நேரம் தூங்கினார். மெஷின் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது.' 1976 ஜூன், ஞாயித்துக்கிழமை."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழமை டபுள் டியூட்டின்னு சொல்லிட்டுப் போவாரு. நான் ஒத்தையா மூணு குழந்தைங்களை வச்சுக்கிட்டு அல்லாடுவேன். எங்க போடணும் கையெழுத்து? நான் போடறேன்."

வெஜிஹி தானே போட்டுவிட்டார்.

பேராசிரியர் ரவுஃபுக்கு எண்பத்தெட்டு வயது. காது மந்தம், ஞாபகம் கூர்மை. திராட்சை விஷயத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அது அத்திப்பழம். அந்த வருஷம் நான் திராட்சையைத் தொடவே இல்லை" என்றார். நோட்டைத் திருத்த முடியாது என்று மெலாஹத் அவர் காதருகே மூன்று தடவை சொன்னாள். அப்படியானால் தன் மறுப்பையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அத்திப்பழத்தின் சர்க்கரை அளவு பற்றியும் அதில் ஒரு பத்தி இருந்தது.

இப்படியே ஏப்ரல் முடிவதற்குள் முப்பத்தெட்டுக் கையெழுத்து சேர்ந்துவிட்டது. மே மாதம் முதல் வாரத்தில் புஜா என்ற புறநகரில் இருக்கும் துன்ஜாய் வீட்டுக்குப் போனாள்.

துன்ஜாய் அவளைவிட இரண்டு வயது சின்னவன். மெஷின் அறைக்கு வந்தவர்களிலேயே கெட்டிக்காரன், கை வைத்தால் பழுது தெரியும் என்பார்கள். எழுபத்தொன்பதில் வேறு பிரிவுக்குப் போனான், பிறகு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொலைக்காட்சிப் பழுது பார்க்கும் கடை வைத்தான். அவ்வளவுதான் மெலாஹத்துக்குத் தெரியும். இப்போது தலை முழுக்க வெள்ளை. சாப்பாட்டு மேசையில் பாதிக்கு ஒரு பழைய ரேடியோவின் உறுப்புகள் பரந்து கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு டீயும், ஒரு கிண்ணம் பச்சைப் பிளம் காயும், தொட்டுக்கொள்ள உப்பும் கொண்டுவந்து வைத்தான்.

"என்ன பத்திரம் அக்கா இது?"

"சம்மதப் பத்திரம். பழுது நோட்டுல உன் பேர் நாப்பத்தொரு இடத்துல வருது. எல்லாரும் பார்க்கிற மாதிரி போடப் போறாங்க."

"பதினொண்ணாவது நோட்டும் சேர்த்தா?"

நோட்டின் எண்ணை அவள் சொல்லவே இல்லை. "எல்லாம்தான்" என்றாள்.

"அப்ப நான் போட மாட்டேன்."

"ஏன்டா?"

துன்ஜாய் ஒரு பிளம்மை உப்பில் தொட்டான். கடிக்கவில்லை. "இருபத்திரண்டு பிப்ரவரி எழுபத்தொம்பது. மத்தியானம் ஒண்ணு நாப்பது. மெஷின் நின்றது. காரணம்: இயக்கியவரின் கவனக்குறைவு, துன்ஜாய். கையெழுத்து, மெலாஹத். சரியா சொல்றேனான்னு போய்ப் பாருங்க."

மெலாஹத்துக்கு உடனே ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. இவன் மனப்பாடமாக வைத்திருக்கிற வரியை, எழுதின அவள் மறந்தே போயிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. நுழைவுத் தேர்வு முடிவுகள். ஆறாயிரம் பிள்ளைகளின் மதிப்பெண்கள் மெஷினுக்குள் போய்ப் பாதியில் நின்றுகொண்டே இருந்தன. பொறியாளர்கள் காலையில் வந்து சோதித்தால் எல்லாம் நன்றாக இருந்தது. முடிவு இரண்டு வாரம் தள்ளிப் போனது. பத்திரிகையில் வந்தது. மேலிடத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மெலாஹத் அப்போது, மெஷின் படிக்க வேண்டிய தகவலை அட்டையில் துளைக்கும் பிரிவுக்குப் பொறுப்பு. கையெழுத்து அழகு என்பதால் பதிவேடு எழுதுவதும் அவள்தான். மெஷின் முன்னால் அன்றைக்கு நின்றவன் துன்ஜாய்.

"அந்த வரியை வச்சுத்தான் என்னைச் சேர்க்கைப் பிரிவுக்கு மாத்தினாங்க. மூணு வருஷம் மாணவர் அடையாள அட்டையில போட்டோ ஒட்டினேன். பசை வாசனை இன்னும் மூக்குல இருக்கு." குரலை உயர்த்தாமல் சொன்னான். "நீங்க வந்தது சந்தோஷம் அக்கா. பிளம் எடுத்துக்கோங்க. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

திரும்பி வரும் பேருந்தில் மெலாஹத் நின்றுகொண்டே வந்தாள். இடம் கொடுத்தார்கள், உட்காரத் தோன்றவில்லை. கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றுதானே எழுதினோம், வேறு யார் எழுதியிருந்தாலும் அதைத்தானே எழுதியிருப்பார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். நாலு நிறுத்தம் வரைக்கும் அந்தச் சமாதானம் தாங்கியது.

மறுநாள் காலை வளாகத்துக்குப் போய்ப் பதினொன்றாவது நோட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்த வரி துன்ஜாய் சொன்னபடியே இருந்தது, காற்புள்ளி உட்பட. முன்னும் பின்னும் புரட்டினாள். பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் மெஷின் ஒன்பது தடவை அப்படி நின்றிருந்தது. நேரங்களை ஒரு தாளில் எழுதினாள். ஒன்று முப்பத்தைந்து. ஒன்று நாற்பது. ஒன்று ஐம்பது. ஒன்றைத் தவிர எல்லாம் மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்த அரைமணி நேரத்துக்குள்.

மார்ச் நடுவில் ஆறு நாள் ஒன்றுமே இல்லை. அந்த ஆறு நாளும் பதிவேட்டில் இருந்தது வேறு ஒருத்தியின் கையெழுத்து. மெலாஹத்துக்கு அப்போது காய்ச்சல், லீவில் இருந்தாள். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மறுபடி ஒன்றும் இல்லை. துன்ஜாயை அன்றுதான் மாற்றினார்கள். பார்த்தீர்களா, ஆள் போனான், பழுதும் போயிற்று என்று எல்லோரும் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. அவளும் சொல்லியிருக்கிறாள். ஆனால் ஏப்ரலில் இஸ்மிரில் வெயில் வந்துவிடும்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, என்ன ஆச்சு? முகம் ஒரு மாதிரி இருக்கு" என்றாள் செராப்.

"ஒண்ணுமில்லை. பழுது கண்டுபிடிச்சிட்டேன்."

உணவுக்கூடம் முற்றத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து நடந்து வருவதற்குள் அவள் கால் மரக்கட்டை ஆகிவிடும். வந்ததும் மேசைக்கு அடியில், துணி மறைப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஹீட்டரைச் சொருகுவாள். அந்த வருஷம் மின்சாரத் தட்டுப்பாடு, அலுவலகத்தில் ஹீட்டர் கூடாது என்று சுற்றறிக்கையே வந்திருந்தது. அதனால் யாருக்கும் தெரியாது. அட்டை துளைக்கும் அறையும் மெஷின் அறையும் அடுத்தடுத்து. அடுத்த குளிர்காலத்துக்குள் துளைக்கும் பிரிவு மாடிக்குப் போய்விட்டது. ஹீட்டரும் கம்பிச்சுருள் எரிந்து குப்பைக்குப் போயிற்று.

ஷெம்ஸியிடம் மறுநாள் காலைச் சாப்பாட்டில் சொன்னாள். அவர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஹீட்டர் ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? எழுபத்தொம்பது பிப்ரவரி, நிச்சயதார்த்தம் முடிஞ்சு முதல் முதலா உனக்கு வாங்கிக் கொடுத்தது. எல்லாரும் வளையல் வாங்கிக் கொடுப்பாங்க, நீ இதைக் கேட்ட. ரெண்டாயிரம் வாட்."

அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை ஷெம்ஸி முட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். இன்ஜின் அறையில் வாழ்ந்தவர், அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "பக்கத்து அறையில ரெண்டாயிரம் வாட்டைச் சொருகினா அந்தக் காலத்து மெஷின் திணறத்தான் செய்யும்" என்றார். பிறகு, "அப்ப நானும் இதுல கூட்டாளியா?" என்றார்.

"நீ வாங்கித்தான் கொடுத்த. சொருகினது நான்."

"போய்ச் சொல்லிடு. நான் வேணா கூட வரட்டுமா?"

"வேண்டாம். நீ வந்தா ஹீட்டர் எங்க வாங்கினதுன்னு ஆரம்பிச்சிடுவ."

துன்ஜாய் கதவைத் திறந்து அவளைப் பார்த்ததும், "கையெழுத்துக்குத்தானே அக்கா?" என்றான்.

"இல்லை. காரணம் சொல்ல வந்தேன்."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நேரம் எழுதிய தாளையும் நீட்டினாள். திட்டுவான், கதவைச் சாத்துவான் என்று எதையெல்லாமோ எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அவன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை வாட்?" என்றான்.

"ரெண்டாயிரம்."

"எந்த பிளக்?"

"ஜன்னலுக்குக் கீழே இருந்ததே, அது."

துன்ஜாய் உள்ளே போய் ஒரு பென்சில் எடுத்துவந்தான். நாற்பது வருஷத்துக்கு முந்தைய அறையைச் சுவர் சுவராக, பலகை பலகையாகத் தாளின் பின்பக்கத்தில் வரைந்தான். மின்பணியாளர் இரண்டு அறைக்கும் சேர்த்துத் தற்காலிகமாக இழுத்துவிட்டுப் பிறகு சரி செய்யவே வராத ஒரு கம்பியைக்கூட அவன் மறக்கவில்லை. அந்தக் கம்பியின்மேல் மறுபடி மறுபடி கோடு இழுத்தான்.

"குளிக்கும்போது, ரோட்டைத் தாண்டும்போது எல்லாம் யோசிச்சிருக்கேன் அக்கா. அன்னிக்கு எந்தச் சுவிட்சைத் தொட்டேன், எதைத் தொடலைன்னு. ஒரு கட்டத்துல நான்தான் ஏதோ பண்ணியிருக்கணும்னு நம்பிட்டேன்."

"மன்னிச்சிடு துன்ஜாய்."

"ஹீட்டருக்கு எதுக்கு மன்னிப்பு? குளிருச்சு, சொருகினீங்க. யாருக்குத் தெரியும்?" பென்சிலைக் கீழே வைத்தான். "ஆனா அந்த வார்த்தையை எழுதினீங்களே. தெரியலைன்னு எழுதியிருக்கலாம்."

"முஹித்தின் சார் தெரியலைன்னு எழுத விடமாட்டாரே."

"எழுதிட்டுத் திட்டு வாங்கியிருக்கலாம்."

மெலாஹத் தலையாட்டினாள். "வாங்கியிருக்கலாம். எனக்குத் துணிச்சல் இல்லை."

அதற்குப் பிறகுதான் அவன் அவளை உட்காரச் சொன்னான். டீ கொண்டுவந்தான். அவள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க ஒரு வரி எழுதி என் வாழ்க்கையே பாழாப் போச்சுன்னு ரொம்பப் பெருமைப்பட்டுக்காதீங்க" என்றான். "கடை நல்லா நடந்துச்சு. ரெண்டு பொண்ணு, ரெண்டு பேரும் படிச்சாங்க. அங்கேயே இருந்திருந்தா வெஜிஹி அண்ணன் மாதிரி காகிதப் பெட்டி மேல தூங்கிக்கிட்டு இருந்திருப்பேன்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

ஆனாலும் அவன் உடனே கையெழுத்துப் போடவில்லை. நோட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். அடுத்த செவ்வாய்க்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வளாகத்துக்கு வந்தான். வேலையை விட்ட பிறகு அவன் உள்ளே வருவது அதுதான் முதல் தடவை. வாசலில் காவல்காரர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, "ஒரு நோட்டை" என்றான். இரண்டு காலை நேரம் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தான். மெலாஹத்தின் கணக்கில் ஒன்று இடித்தது. மார்ச் ஒன்பதாம் தேதி மெஷின் நின்றது மத்தியானம் அல்ல, காலை பதினொன்று பத்துக்கு.

"இது பொருந்தலையே அக்கா. ஒண்ணு பொருந்தலைன்னாலும் மொத்தமும் சந்தேகம்தான்."

"விடேன்டா, எட்டு பொருந்துதே."

"எட்டு பொருந்தினா போதும்னு நினைச்சதாலதான் அன்னிக்கு என்னை மாத்தினாங்க."

அன்றைய காரணம் நோட்டிலேயே வேறு எங்காவது இருக்குமா என்று அவன் தேடினான். அதே பக்கத்தின் அடியில், ஓரத்தில், வெஜிஹியின் கோழிக்கிறுக்கலில் ஒரு குறிப்பு இருந்தது: காலை பத்தரைக்கு ஆலங்கட்டி மழை, துளைக்கும் அறையில் இரண்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. மெலாஹத்துக்கு அந்தக் காலை அப்படியே நினைவுக்கு வந்தது. கண்ணாடித் தூளைப் பெருக்கிவிட்டு, பல் தந்தியடிக்க, மத்தியானம்வரை பொறுக்காமல் ஹீட்டரைச் சொருகியிருந்தாள்.

துன்ஜாய் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "இப்ப சரி" என்றான். பத்திரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டான்.

அந்த வரிக்குக் கீழே திருத்தம் எழுதிவிடலாம் என்று மெலாஹத் பேனாவை எடுத்தபோது நில்குன் ஓடிவந்து தடுத்தாள். மூலத்தில் ஒரு புள்ளி வைக்கக் கூடாது, தப்பானாலும் தப்பாகவே இருக்க வேண்டும், அதுதான் ஆவணம் என்றாள். பெர்கந்த் யோசித்துப் பார்த்தார். மறுநாள் கெமெரால்தி கடைத்தெருவில் அலைந்து அதே பச்சை அட்டை போட்ட கெட்டி நோட்டு ஒன்றை வாங்கிவந்து மெலாஹத்தின் முன்னால் வைத்தார். முதுகில் 24 என்று எழுதியிருந்தது.

மெலாஹத் ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டாள். எழுத்து அதே பழைய எழுத்துதான்.

'நேரம்: 22 பிப்ரவரி 1979, 1.40. நடந்தது: மெஷின் நின்றது. காரணம்: துன்ஜாய் அல்ல. அடுத்த அறையில் நான் தடையை மீறிச் சொருகிய ஹீட்டர். செய்தது: நாற்பது வருஷம் கழித்து அவனிடம் சொன்னேன். மெலாஹத், 21 மே 2019.'

துன்ஜாய் எட்டிப் பார்த்துவிட்டு, வாட் எண்ணிக்கையையும் எழுதச் சொன்னான். எழுதினாள்.

செப்டம்பர் கடைசிக்குள் ஐம்பத்தேழு கையெழுத்து சேர்ந்தது. மூன்று பேர் முடியாது என்றுவிட்டார்கள், ஒருவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அந்த நாலு பெயர் வரும் இடங்களில் மட்டும் கறுப்புப் பட்டை விழுந்தது. மற்றதெல்லாம் உள்ளது உள்ளபடி இணையத்துக்குப் போயிற்று. முதல் வாரத்திலேயே அதிகம் பேர் படித்தது ரவுஃபின் மூன்று பக்க மறுப்பைத்தான். செய்தி கேட்டு அவர் நாலாவது பக்கம் எழுத ஆரம்பித்திருப்பதாக அவர் மகள் சொன்னாள்.

அக்டோபரில் விழா. துணைவேந்தர் பேசினார், எல்லோரும் கை தட்டினார்கள், வரலாறு என்ற சொல் நிறைய வந்தது. நோட்டுகளைக் கண்ணாடிப் பேழைக்குள் திறந்து வைத்திருந்தார்கள். வெஜிஹியின் மனைவி தன் பேரப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தாத்தா தூங்கிய வரியைக் காட்டிக்கொண்டிருந்தாள். வெஜிஹி துணைவேந்தரின் பேச்சை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

துன்ஜாய் தன் மூத்த மகளோடு வந்திருந்தான். அவள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவைக் கவனித்துக்கொள்கிறவள். பதினொன்றாவது நோட்டையும் இருபத்து நாலாவது நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்த பேழையின் முன்னால் நின்று, குனிந்து, இரண்டையும் சத்தமாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, "யாருப்பா இந்த மெலாஹத்?" என்றாள்.

துன்ஜாய் திரும்பி, கையில் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தவளைக் காட்டினான். "இவங்கதான்."

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படுவதா கை கொடுப்பதா என்று முடிவுக்கு வர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெலாஹத் அவசரப்படுத்தவில்லை, நின்றாள்.

"எங்கப்பா ரொம்ப நாள் அந்த மெஷின் பத்திப் பேசவே மாட்டாரு. இந்த அஞ்சு மாசமா வாயை மூடலை" என்றாள் மகள் கடைசியில். "வீட்டுல எங்களால தாங்க முடியலை. செவ்வாய்க்கிழமை ஆனா நல்லவேளை நோட்டு படிக்க இங்க கிளம்பிடறாரு."

"இங்கேயும் அதே கதைதான்மா" என்றாள் மெலாஹத். "எண்பத்து மூணாம் வருஷ அச்சுக் கருவிப் பழுதைப் பிடிச்சுக்கிட்டு மூணு வாரமா விடலை. யார் உதைச்சாங்கன்னு கேட்டு எல்லாருக்கும் ஃபோன் போடறான்."

"வெஜிஹி அண்ணன்தான் உதைச்சாரு" என்றான் துன்ஜாய். "ஒத்துக்க மாட்டேங்கிறாரு."

அந்தப் பக்கம் மேசையில் போயோஸ் ரொட்டித் தட்டுகள் காலியாகிக்கொண்டிருந்தன. மெலாஹத் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாம்மா, அவன் ஆரம்பிச்சா முடிக்க மாட்டான், சூடு ஆறிடும்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.